சோறு போட்ட ஆளுக்கும் ஒரு சீட்டு

நாகஜோதி என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, "எழுதிக்க. பேரை மட்டும் மாத்திரு. மாத்துறதுதான் மாத்துற, நல்ல பேரா வையி" என்றார். வைத்திருக்கிறேன். முத்துக்கண்ணன் என்பதும் நான் வைத்த பெயர்தான். அந்த ஆளுக்கு வேறு பெயரெல்லாம் என் வாயில் வந்தது, அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

காரைக்குடியில் கழனிவாசல் போகிற பக்கம் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். ஆறு குடித்தனம், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், பொதுவாக ஏகப்பட்ட சண்டை. எங்களுடையது ஐந்தாவது வீடு, நாகஜோதி அக்காவுடையது ஆறாவது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும்.

எனக்கு வயது பத்தொன்பது. பத்தாம் வகுப்புக் கணக்கு என்னை இரண்டு தடவை கீழே தள்ளியது. மூன்றாவது தடவை நான் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். ஆனால் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அக்காவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அதனால்தான் அவருடைய வேலைக் குறிப்பேடு என் கைக்கு வந்தது.

ஊருக்கு அவர் கல்யாண வீடுகளில் காய் வெட்டப் போகிறவர். அது பொய்யில்லை. முகூர்த்த நாட்களில் விடியுமுன் வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், அப்படி ஓர் ஆடி மாதத்தில்தான் மற்றத் தொழில் தொடங்கியது. அப்புறம் ஆடி முடிந்தும் அது முடியவில்லை. ஆண்கள் போனில் கூப்பிடுவார்கள். அவர் திருப்பத்தூருக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறிப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். காரைக்குடிக்குள் யாரையும் பார்ப்பதில்லை என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். பேத்தியை அவர் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது குறிப்பேட்டால்தான். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்காக வேலை பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர் களப்பணியாளர். தொழிலில் இருக்கிற பெண்ணே மற்றப் பெண்களைப் பார்த்துப் பேச வேண்டும், அதுதான் முறை. அவர் பொறுப்பில் நாற்பது பேர். வாரம் ஒரு தடவை ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும், ஆணுறை கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய் பார்க்கிற சுகவாழ்வு மையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். யாராவது வழியில் எங்கே என்று கேட்டால் எல்லோரும் "சுகர் பாக்கப் போறோம்" என்பார்கள். முப்பது வயதில் நாற்பது பெண்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கும் ஒரே ஊர் எங்கள் ஊர்தான்.

குறிப்பேட்டில் உண்மைப் பெயர் எழுதக் கூடாது. நம்பர் போடுங்கள் என்றார்கள். நம்பருக்கும் எனக்கும் ஆகாது. நான் எல்லோருக்கும் காய்ப் பெயர் வைத்தேன். பீர்க்கங்காய், சுண்டைக்காய், முருங்கைக்காய் என்று. "சுண்டைக்காய், குடித்துவிட்டு வருகிற ஆளிடம் போகிறாள், அவளும் குடிக்கிறாள், போதையில் ஆணுறை மறந்துபோகிறது" என்று நான் எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆலோசகர் செந்தாமரை மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரமே சுண்டைக்காயைக் கூப்பிட்டுப் பேசினார்.

அக்கா அந்த வேலையில் கறார். பிஸ்கட் பாக்கெட் மாதிரி ஆணுறையை எண்ணிக் கொடுப்பார், திட்டிக்கொண்டே கொடுப்பார்.

"டெட்டாலை ஊத்தி உள்ள கழுவுனியா? அது என்ன தரையாடி? உள்ள இருக்குற நல்லதும் சேந்து செத்துப் போகும், புண்ணாயிரும், புண்ணுல எல்லாச் சீக்கும் வந்து குடியிருக்கும்."

"மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கித் தின்னுட்டு நின்னுருச்சுன்னு விட்டியாக்கும்? அது நிக்கலைடி, ஒளிஞ்சிருக்கு."

"ஐநூறு கூடத் தாரேன், பாக்கெட் வேணாம்னு சொல்றானா? அவன் ஏன் கூடத் தாரான்னு யோசிச்சியா?"

இதையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். எதிரே டிவி ஓடும். சத்தம் வைக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆளுக முகம் தெரிஞ்சா போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிவி ஓடாது. அன்றைக்கு முத்துக்கண்ணன் மாஸ்டர் வருவார்.

ஐம்பது வயதுச் சமையல் மாஸ்டர். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மனைவி, இரண்டு பெண்கள். ஆயிரம் இலைக்குச் சமைப்பார். சாம்பார் கொதிக்கிற ஆவியை வைத்தே உப்புக் குறைவதைச் சொல்லிவிடுவார் என்று கேள்வி. ஏழு வருஷத்துக்கு முன்னால் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்தார்கள். முன்வாசல் ஒரு தெருவில், அடுப்படி வாசல் அடுத்த தெருவில். சமையல் ஆட்களுக்குப் பின்வாசல்தான். பந்தி முடிந்து, காய் வெட்டும் பெண்கள் பாத்திரம் ஒதுக்கிவிட்டு வரும்போது சோறு தீர்ந்துவிட்டது. மாஸ்டர் தனக்கு எடுத்து வைத்திருந்த இலையை அக்கா பக்கம் தள்ளிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனாராம்.

"ஒரு வார்த்தை பேசலத்தா. சாப்பிடுன்னுகூடச் சொல்லல. தள்ளி விட்டுட்டுப் போயிட்டாரு" என்பார் அக்கா. இந்தக் கதையை நான் முப்பது தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இலையில் ஒரு பதார்த்தம் கூடிக்கொண்டே போகும். கடைசியாகக் கேட்டபோது பால் பணியாரம் வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதும் அக்கா அவருக்குச் சமைத்துப் போடுவதும் வழக்கமானது. மாஸ்டர் சுவருக்கு அந்தப் பக்கம் உறிஞ்சி உறிஞ்சி ரசம் குடிப்பார்.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு வந்தா, அந்த வாடையிலயே வயிறு ரொம்பிப் போகுது சோதி. உன் ரசத்துக்குத்தான் பசிக்குது."

"ரொம்பத்தான். அப்பளம் இன்னொண்ணு வைக்கவா?"

அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. எனக்கே சப்பென்றிருக்கும். ஆனால் சனிக்கிழமை மாலையே அக்கா அம்மியைக் கழுவி வைப்பார்.

போன வருஷம் பங்குனியில் அக்காவுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. வெள்ளையும் நாற்றமாகப் பட்டது. அவர் ஒளிக்கவில்லை, அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கொடுத்தார், உள்ளே இரண்டே மாத்திரை. கூடவே இன்னொரு பெட்டியும் எடுத்து வைத்து, "இது உங்க ஆளுக்கு. ரெண்டு பேரும் சேந்து சாப்பிடணும், இல்லைன்னா உங்களுக்குத் திரும்ப வரும்" என்றார்.

"எனக்கு ஆளு கெடையாது டாக்டரம்மா. வர்றவன் போறவன் எல்லாருக்கும் பாக்கெட்டுதான். நானே நாப்பது பேருக்குப் பாடம் எடுக்கேன்" என்று அக்கா இரண்டாவது பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சித்திரை போய் வைகாசியில் மறுபடியும் வந்தது. மறுபடி ஒரு பெட்டி. ஆனி மாதக் கல்யாணங்கள் முடிவதற்குள் மூன்றாவது தடவை, இந்தத் தடவை காய்ச்சலோடு. நான்தான் கூடப் போனேன். எய்ட்ஸ் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. கிருமி கருப்பை வரை ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு தடவை வந்தால் ஆபரேஷன் வரை போகலாம், உள்ளே புண் இருக்கிறவரை எச்ஐவி வந்தாலும் சுலபமாகத் தொற்றும் என்று சொல்லிவிட்டு, செந்தாமரை மேடம் அறைக்கு அனுப்பினார். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். எழுதுகிறவள் கூட இருக்கட்டும் என்று நினைத்தாரோ, தனியாகப் போகப் பயந்தாரோ தெரியாது.

மேடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அக்கா வழக்கமான பதில்களைச் சொன்னார். ஆணுறை கிழிந்ததா, இல்லை. குடித்திருந்தீர்களா, நான் தொடுவதேயில்லை. யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இல்லை. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு மாதிரிக் கேட்டார்.

"நாகஜோதி, உங்க வீட்டுல யாருக்காவது சோறு போடுறீங்களா?"

அக்கா தரையைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை அக்காதான் எனக்குச் சொல்லியிருந்தார். காசு கொடுக்கிறவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் உறவு, சோறு போட்டால் புருஷன். சோறு போட்ட ஆளிடம் காசு வாங்கக் கூடாது. அவன் முன்னால் ஆணுறையை எடுக்கவும் கூடாது. எடுத்தால், நீயும் அவன்களில் ஒருத்தன்தான் என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. நாற்பது பேரும் இப்படித்தான். நாற்பது பேருக்கும் பாடம் எடுக்கிறவரும் இப்படித்தான். அதனால் டாக்டரம்மாவிடம் "எனக்கு ஆளு கெடையாது" என்றபோது அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மாஸ்டர் ஆள் இல்லை, வீடு.

"அவரு அப்படிப்பட்டவரு இல்லங்க மேடம்" என்றார் கடைசியில்.

"இருக்கட்டும். கிருமிக்கு அது தெரியாதுல்ல" என்றார் மேடம். அந்த ஆளுக்கான மாத்திரைப் பெட்டியையும் மூன்று சீட்டுகளையும் கொடுத்தார். சீட்டில் பெயர் இருக்காது, ஒரு நம்பர் மட்டும். எந்த அரசு ஆஸ்பத்திரியில் காட்டினாலும் கேள்வி கேட்காமல் பார்ப்பார்கள். "ஒண்ணு போதுமே" என்றார் அக்கா. "வச்சுக்கங்க" என்றார் மேடம்.

அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகத் தூங்கவில்லை. சுவர் வழியாக எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை குழாயடியில் கேட்டார்.

"எப்படித்தா சொல்றது? ஏழு வருசமாச் சோறு தின்ன மனுசங்கிட்ட, உங்களுக்குச் சீக்குங்கன்னு சொல்லவா? அவரு, நீதானடி ஊரு மேயிறவன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா ஞாயித்துக்கெழமைக்கு நான் என்ன பண்றது?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடி எனக்குப் பழக்கமில்லை.

"இதுக்கு எதுக்குக்கா இவ்வளவு யோசனை? மாத்திரையை நுணுக்கிக் கொழம்புல போட்டு விட்ருங்க. எங்க வீட்டு நாய்க்கு அப்படித்தான் குடுத்தோம். சாகுற வரைக்கும் தெரியாது அதுக்கு."

"அது எப்பச் செத்துச்சு?"

"மாத்திரை குடுத்த மூணு வருசம் கழிச்சு, லாரியில அடிபட்டு."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேலிக்குச் சொன்னேன் என்று நான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மியில் எதையோ நுணுக்கும் சத்தம் கேட்டபோதுதான் அக்கா அதைக் கேலியாக எடுக்கவில்லை என்று தெரிந்தது.

மீன் குழம்பு. புளி தூக்கலாக, மிளகு தூக்கலாக, ஊரே மணக்கும்படி வைத்திருந்தார். அந்த மாத்திரையின் கசப்பு எந்தப் புளிக்கும் அடங்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மாஸ்டர் ஒரு வாய் எடுத்து வைத்தார். உறிஞ்சும் சத்தம் பாதியில் நின்றது.

"சோதி. இதுல என்ன போட்ட?"

"எப்பவும் போடுறதுதான்."

"ஏய், நாப்பது வருசம் கரண்டி பிடிச்சவன் நான். என்ன போட்ட?"

 தட்டு நகரும் சத்தம். வாசலில் துப்பும் சத்தம்.

"மருந்து வச்சிட்டியா? நீயுமா? உங்க ஆளுக புத்தி போகுமா!"

மருந்து வைப்பது என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். ஆம்பளையை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ள, வசிய மருந்தைச் சோற்றில் கலந்து கொடுப்பது. அவர் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே போனார். நான் வாசலுக்கு வந்தபோது தெருமுனையைத் தாண்டிவிட்டார். அக்கா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "உப்பு சரியாத்தான்த்தா போட்டேன்" என்றார்.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. அக்கா மூன்று ஞாயிறும் உலை வைத்தார். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எனக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பு வரும். நான் எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்வேன். அந்த மூன்று வாரமும் நான் யாரையும் கேலி செய்யவில்லை. என் அம்மா எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போனாள்.

நான்காவது ஞாயிறு மாஸ்டர் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார், கையில் ஒரு முழம் மல்லிகையோடு. இந்தப் பக்கம் சுவரில் நான் காதை வைத்தேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

அவர் போய் மருந்து எடுத்துவிட்டு வந்தாராம். வயிற்றில் இருக்கும் வசிய மருந்தை உறிஞ்சி எடுக்கிற ஆள் ஒருவர் சாக்கோட்டைப் பக்கம் இருக்கிறாராம். முடியும் மாவும் உருண்டையாகச் சேர்ந்து சுண்டைக்காய் அளவுக்கு வந்ததாம்.

"கண்ணால பாத்தேன் சோதி. கறுப்பா இருந்துச்சு. இருநூறு ரூவாயும் வாங்கிக்கிட்டான்."

அக்கா தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"மொதல்ல கோவந்தான் வந்துச்சு. அப்புறம் பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். அம்பது வயசுல, இந்தத் தொந்திய வச்சிக்கிட்டு இருக்குறவனுக்கு ஒருத்தி மருந்து வைக்கிறான்னா, அவளுக்கு நம்ம மேல எம்புட்டு இருக்கணும்? கிறுக்கி, நான் ஏற்கெனவே மயங்கித்தான்டி கெடக்கேன். இனி மாசம் ரெண்டு நாள் இங்குட்டே தங்குறேன். சரியா?"

அந்த நிமிஷம் அக்கா சும்மா இருந்திருந்தால் போதும். ஏழு வருஷமாக அவர் கேட்காமலே கிடந்தது, தானாக வாசலுக்கு வந்து மல்லிகைப் பூவோடு நின்றது. பேசாமல் பூவை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். சுவரில் காதை வைத்திருந்த நானே, சும்மா இருங்க அக்கா, சும்மா இருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்ததும், சொல்லுங்க அக்கா என்றும் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காது.

"அது வசிய மருந்து இல்லங்க" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரி மாத்திரை."

"என்ன மாத்திரை?"

"எனக்கு மூணு தடவை சீக்கு வந்துருச்சு. குணமாகி, மறுபடி மறுபடி வருது. நான் வெளிய எல்லார்கிட்டயும் பாக்கெட்டோடதான். பாக்கெட் இல்லாம ஒரே ஒரு ஆளு நீங்கதான்."

 பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"அப்ப நான்தான் கொண்டாந்தேங்குறியா? யார்கிட்டயோ வாங்கி என் தலையில கட்டுறியா? உன் பொழப்பு என்ன, எம் பொழப்பு என்ன?"

"நீங்கதான்னு சொல்லலங்க. நான் உங்களுக்குக் குடுத்தேனோ, நீங்க எனக்குக் குடுத்தீகளோ, அது ஆஸ்பத்திரிக்கே தெரியாது. ரெண்டு பேரும் சேந்து தின்னாத்தான் போகும். ஒண்ணு கேக்கேன், கோவிக்காதீக. உங்களுக்கு ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

 பிறகு அவர் குரல் இறங்கி வந்தது.

"அடுப்புச் சூடுன்னு நெனச்சேன். நாளு பூராக் கோட்டை அடுப்பு முன்னாடி நிக்கிறவன். எளநி குடிச்சேன், வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சேன்."

"எம்புட்டு நாளா?"

"மாசிக் கல்யாணத்துல இருந்து."

அக்காவுக்கு முதலில் வலி வந்தது பங்குனியில். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. கணக்கில் தோற்ற எனக்கே அது புரிந்தது.

தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. "இந்தச் சீட்டைக் காட்டுங்க. பேரு கேக்க மாட்டாக. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலயே பாக்கலாம்" என்றார் அக்கா.

"இன்னொண்ணு குடு" என்றார் அவர்.

வீட்டில் மனைவி இருக்கிறார். அக்கா உடனே கொடுத்தார். பிறகு எனக்குச் சொன்னபோது, அந்தச் சீட்டைக் கொடுக்கையில் தனக்குக் கஷ்டமாக இல்லை, அந்த மனுஷியைப் பற்றி மனசில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கியது என்றார்.

அவர் எழுந்தார். வாசல்வரை வந்து நின்றார். நான் சன்னல் இடுக்கு வழியாக அவர் முதுகை மட்டும் பார்த்தேன். சட்டையில் மஞ்சள் கறை இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கா?" என்றார், திரும்பாமல்.

அக்காவிடம் இருந்தது. செந்தாமரை மேடம் மூன்று கொடுத்திருந்தார். அந்த மேடத்துக்கு நான் இனிமேல் எந்தக் காய்ப் பெயரும் வைக்க மாட்டேன்.

அக்கா கேள்வி கேட்கவில்லை. யாருக்கு, எந்த ஊர், எத்தனை வருஷம், அங்கே என்ன சமைக்கிறாள், எதையும் கேட்கவில்லை. சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் சட்டைப் பையில் மூன்றையும் மடித்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வடித்த சோறு அப்படியே இருந்தது. எனக்கு அன்று கிண்ணம் வரவில்லை. நானாகப் போனேன். அக்கா படுத்திருந்தார்.

"ரசம் இருக்கு, ஊத்திக் குடி" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "ஒருத்தன் சோறு திங்கிறான்னா அந்த வீட்டுல மட்டுந்தான் திங்கிறான்னு எந்தக் கூமுட்டைத்தா நெனப்பா?"

நான் ஏதாவது சிரிப்பாகச் சொல்லப் பார்த்தேன்.  ரசத்தைக் குடித்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த ஆள் ருசி விஷயத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை.

அக்கா தன் மாத்திரைகளை முழுசாக முடித்தார். காய்ச்சல் விட்டது, வலி போனது. அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா, "சுத்தமா இருக்கு" என்றார். செந்தாமரை மேடம் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்க நம்பர்ல ரெண்டு சீட்டு வந்திருக்கு. ரெண்டும் திருப்பத்தூர்ல" என்றார். யார் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

"மூணாவது?"

"வரல."

பஸ்ஸில் வரும்போது அக்கா முகம் வாடியிருந்தது. நல்ல சேதி கிடைத்தவர் முகம் அப்படி இருக்காது. அதற்குப் பிறகு களத்துக்குப் போகிற இடமெல்லாம், சமையல் மாஸ்டருக்குச் சோறு போடுகிற பெண் யாராவது இருக்கிறாளா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. தொழில் செய்கிற பெண்ணாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாதவளாக இருந்தால் அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மாட்டார்கள், அதுதான் அவர் கவலை.

"வயித்து வலின்னு ஓமத்தண்ணி குடிச்சிக்கிட்டுக் கெடப்பாத்தா" என்பார். "சூடுன்னு நெனச்சிருப்பா. பாவம், இம்புட்டையும் வச்சிக்கிட்டு மணக்க மணக்கக் கொழம்பு வேற வச்சிருப்பா." பொறாமையா, பரிதாபமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

தையில் முகூர்த்தங்கள் தொடங்கின. மாஸ்டர் இருக்கிற வேனில் அக்கா ஏறவில்லை, வேறு கூட்டத்தோடு போனார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிட்டார். நகங்களில் வாழைக்காய்க் கறை. தன் போனை என்னிடம் நீட்டி, "அவருக்குப் போடு" என்றார். நம்பரை அழித்திருந்தார். ஆனால் பத்து எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார்.

ஸ்பீக்கரில் போட்டேன். நான்காவது மணியில் எடுத்தார். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"சோதியா? நீயாக் கூப்பிடுவன்னு இருந்தேன். எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னுட்டாக. அந்த மூணாவது சீட்டைக் குடுத்துட்டீகளா?"

பாத்திரச் சத்தம் தூரப் போனது. அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

"இன்னும் இல்ல சோதி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அது ஒண்ணும் அறியாத புள்ள. எந்திரிச்சுப் போயிருச்சுன்னா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். குழாயடியில் நின்று அவர் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

"கொழம்புல போட்றாதீக" என்றார். "நேராச் சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க. எந்திரிச்சுப் போனாப் போகுது, உசுரோட போகும்ல."

"சரி. சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஞாயித்துக்கெழமை வரவா?"

கடையில் இரண்டு காலேஜ் பையன்கள் நோட்ஸ் எடுக்கக் காத்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்து முறைத்தேன், அவர்கள் வெளியே போனார்கள்.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டு வாங்க" என்றார் அக்கா. "வந்தா, தண்ணி தாரேன், சோறு தாரேன். ஆனா பாக்கெட்டு இல்லாம இல்ல. அதுக்குச் சம்மதம்னா வாங்க."

அந்தப் பக்கம் யாரோ "மாஸ்டர், பாயசம்" என்று கூப்பிட்டார்கள். "வைக்கிறேன் சோதி" என்றார், வைத்துவிட்டார்.

அக்கா போனை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அன்று அவர் பார்க்க வேண்டிய பெண்கள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

இது நடந்து ஐந்து ஞாயிறு ஆகிறது. மூன்றாவது சீட்டு போன வாரம் புதுக்கோட்டையில் வந்ததாக மேடம் சொன்னார். முத்துக்கண்ணன் மாஸ்டர் இன்னும் வரவில்லை.